அம்மாவுக்கு எழுத்துக் கணக்கு எதற்கு?

‘அ’ உயிரெழுத்து. ‘ம்’ மெய்யெழுத்து. ‘மா’ உயிர்மெய்யெழுத்து. நமக்கு உயிரும் கொடுத்து, மெய்யும் கொடுத்து, உயிர்மெய்யாக நடமாட விட்டவள் தாய் என்பதால்தான் நம் முன்னோர் மூவகை எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்து அவளுக்குப் பெயர் வைத்தார்களாம். உலகத்தில் வேறு எந்த மொழிக்கும் இந்தக் கொடுப்பினை இல்லையாம். பள்ளி ஆண்டு விழாவில் இதைச் சொல்லாமல் சிறப்பு விருந்தினர் மைக்கை விட்டு இறங்குவதில்லை. பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். காலை வணக்கப் படமாகக் கைப்பேசிக்கு வருகிறது, ஆட்டோவின் முதுகில் ஸ்டிக்கராகப் போகிறது. மறுத்துப் பேசினால் பெற்ற தாயையே பழித்த மாதிரி முறைக்கிறார்கள். முறைத்தாலும் சரி, இது தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. இதை நம்புகிறவர் தமிழின் உண்மையான கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்.

முதலில் கணக்கையே சரிபார்ப்போம். அப்பா: உயிர், மெய், உயிர்மெய். அக்கா, அண்ணா, அய்யா, ஆத்தா, அத்தை எல்லாமே அப்படித்தான். சரி, குடும்பத்துச் சொற்கள் எல்லாம் புனிதம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடுப்பங்கரைக்கு வாருங்கள். அம்மி, உப்பு, இட்லி. எல்லாம் உயிர், மெய், உயிர்மெய். கண்ணுக்கும் முகத்துக்கும் வந்து இறங்குகிற அம்மை நோயும் அதே அமைப்பு. எட்டு, ஈட்டி, ஓட்டை, ஆப்பு என்று பொழுது போகும்வரை எழுதிக்கொண்டே போகலாம். அரபு நாட்டுப் பண்டமான அல்வாகூட இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறது. திருநெல்வேலிக்காரர்கள் சந்தோஷப்படலாம், மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

ஏன் இத்தனை சொற்கள் அகப்படுகின்றன? தமிழ்ச் சொல்லின் இயல்பு அது. உயிரில் தொடங்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம். அந்த உயிருக்குப் பின்னால் ஒரு மெய் இரட்டித்து, இன்னொரு உயிரோடு முடிவதும் மிகச் சாதாரணம். இரட்டித்த மெய்யின் முதல் பாதியைப் புள்ளி வைத்துத் தனியாக எழுதுகிறோம், அடுத்த பாதியை உயிரோடு சேர்த்து எழுதுகிறோம். அவ்வளவுதான் சங்கதி. இதே ஒலியைத் தெலுங்கரும் கன்னடியரும் மலையாளியும் ‘அம்ம’ என்கிறார்கள். அவர்கள் எழுத்தில் ‘ம்ம’ ஒரே கூட்டெழுத்து. சொல் இரண்டே எழுத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் விஜயவாடாவில் ஒரு தாய் பிள்ளைக்கு மெய் தரவில்லை என்று ஆகிவிடுமா?

எழுத்து முறையின் குணத்தைச் சொல்லின் தலையில் ஏற்றுவதுதான் இங்கே நடக்கிற அடிப்படைக் குழப்பம். எழுத்தோ பிற்பாடு வந்தது, அதுவும் அடிக்கடி உருமாறி வந்தது. திருப்பூரைத் தாண்டிக் கிழக்கே போகிற நொய்யலின் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் தங்கள் பெயரைக் கீறி வைத்துவிட்டுப் போன ஊர். அந்தத் தொடக்க கால எழுத்தில் மெய்யைப் புள்ளி வைத்துக் காட்டும் வழக்கம் நிலைபெற்றிருக்கவில்லை. எது மெய், எது அகரம் ஏறிய மெய் என்று கண்டுபிடிக்கவே தனித்தனி முறைகள் இருந்தன. அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்திக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். பின்னால் புள்ளி வந்தது, தொல்காப்பியம் அதைப் பேசுகிறது. ஆனாலும் ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும். ஆக, நம் இலக்கியம் முழுவதையும் சுமந்து வந்த ஓலையில் அந்தச் சொல் ‘அமமா’ என்றுதான் கண்ணுக்குப் படும். உயிர், உயிர்மெய், உயிர்மெய். புனிதக் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிட்டது. ஆனால் படித்தவர் யாரும் தடுமாறவில்லை.

தடுமாற மாட்டார்கள் என்பதைத் திருப்பூர் மண்ணரையிலேயே பார்க்க முடிந்தது. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பிரிண்டிங் பட்டறை. அன்னையர் தினத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆர்டர்: வெள்ளை சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், நெஞ்சில் பெரிதாக ‘அம்மா’, கீழே பொடி எழுத்தில் ‘உயிர் மெய் உயிர்மெய்’. அ சிவப்பு, ம் கறுப்பு, மா நீலம். மூன்று கலர், மூன்று ஸ்கிரீன். மதிய வெயிலில் கறுப்பு ஸ்கிரீனில் மை காய்ந்து கண்ணி அடைத்துக்கொண்டது. பெரிய எழுத்து அழகாக இறங்கியது, புள்ளி மட்டும் இறங்கவில்லை. பிரிண்டர் பாட்டுக்கு ஸ்கீஜியை இழுத்துக்கொண்டே போனார். பக்கத்தில் பீஸ் அடுக்கிய பையன் பார்க்கவில்லை, டெலிவரிக்கு வந்தவர் பார்க்கவில்லை, முதலாளியும் எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று வைத்துவிட்டார். செக்கிங்கில் உட்கார்ந்திருந்த அக்காதான் தூக்கிப் பிடித்து, “ஏனுங்ண்ணா, மெய்யையே காணமுங்களே!” என்றார். அதுவரைக்கும் அத்தனை பேர் கண்ணும் ‘அமமா’வை அம்மா என்றே வாசித்துவிட்டுப் போயிருந்தது. கீழே மெய்யின் பெருமை அச்சாகியிருக்க, மேலே மெய்யே இல்லாமல் ஒரு கட்டு டி-ஷர்ட். புள்ளியைக் கையால் தொட்டு வைத்து அனுப்பினார்கள்.

சிலர் சொல்வார்கள்: எழுத்து எப்படியோ போகட்டும், அம்மா என்ற சொல் தமிழிலிருந்துதான் உலகத்துக்கே போனது, மாமா, மம்மி, மதர் எல்லாம் நம்முடையது. இதற்கு உடன்பிறப்பாக இன்னொன்று: கொரிய மொழியில் அப்பாவுக்கு ‘அப்பா’, அம்மாவுக்கு ‘ஒம்மா’, ஆகவே கொரியர்கள் தமிழர்கள். கொரிய நாடகங்கள் வீட்டுக்குள் வந்தபிறகு இந்தப் பேச்சு இன்னும் வேகமெடுத்திருக்கிறது. இது புதிதும் அல்ல. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

குழந்தையின் வாயில் நடப்பதைக் கவனித்தால் விடை கிடைத்துவிடும். பல் இல்லாத வாய்க்கு மிகச் சுலபமான காரியம், உதட்டைச் சேர்ப்பதும் பிரிப்பதும். சேர்த்துப் பிரித்தால் ப, ம. பால் குடிக்கிறபோது உதடு அடைத்திருக்கும். மூச்சும் முனகலும் மூக்கு வழியாகத்தான் வரவேண்டும். அந்த முனகல்தான் ‘ம்’. பசித்தாலும் அதே முனகல், வாயைத் திறந்தால் ‘ம்மா’. குழந்தை யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பெரியவர்கள்தான் ‘என்னையத்தான் கூப்பிடுது’ என்று அந்தச் சத்தத்தைப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாகோப்சன் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். அவர் கையில் இருந்த தரவு ஜார்ஜ் மர்டாக் என்ற மானிடவியலாளர் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1072 சொற்கள், எல்லாம் தாய் தந்தையைக் குறிப்பவை. தாயைக் குறித்தவற்றில் 55 சதவீதம் ம, ந போன்ற மூக்கொலி கொண்டவை. தந்தையைக் குறித்தவற்றில் 15 சதவீதம்தான். சீனத்தின் மாமா, சுவாகிலியின் மாமா, பாஸ்க் மொழியின் அமா, அரபியின் உம், அக்காடியத்தின் உம்மு எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்தவைதான். அந்த ஊற்று தமிழகத்தில் இல்லை, தொட்டிலில் இருக்கிறது.

ஓடிப்போய் இந்த விளக்கத்தில் ஒட்டிக்கொள்வதற்குள் விதிவிலக்குகளையும் பாருங்கள். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே, மங்களூர் பக்கம் துளு பேசுகிறவர்களிடம் ‘அப்பெ’ என்றால் தாய், ‘அம்மெர்’ என்றால் தந்தை. பங்காளி வீட்டுக்காரன் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறான்! முன்னோர் உயிர், மெய் எல்லாம் யோசித்துத் தாய்க்கென்றே செதுக்கிய சொல் என்றால், பக்கத்துக் கொல்லையில் அது எப்படி அப்பாவுக்குப் போனது? ஃபின்லாந்துக்காரர்களோ அம்மாவைக் குறிக்கும் ‘ஐதி’ என்ற சொல்லை ஜெர்மானியர்களிடம் கடனாக வாங்கிக்கொண்டார்கள். தாய்ச்சொல் தாயோடு வந்ததாகத்தான் இருக்கும் என்று நாம் கட்டிக்கொண்ட நம்பிக்கை அங்கேயும் நிற்கவில்லை.

மொழிக்கும் மொழிக்கும் உறவு பேச வேண்டுமென்றால் அதற்குத் தக்க சாட்சி இருக்கிறது. பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில் இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’. தமிழுக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் மைலுக்கும் மேல். ஆனாலும் எண்ணுப்பெயரில் இரத்தம் தெரிகிறது. பசியில் முனகுகிற குழந்தை ‘இரண்டு’ என்று தற்செயலாகச் சொல்லாது. அந்தச் சாட்சியை எடுத்துக் காட்டுங்கள், நானும் கைதட்டுகிறேன். தேவநேயப் பாவாணர் 1966-ல் தமிழை உலக முதன்மொழியாக நிறுவ ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர் முடிவை ஏற்காதவர்கள்கூட வேர் வேராகத் தோண்டிய அந்த உழைப்பை மதிக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களிடம் அந்த உழைப்பில் ஓரணாவும் இல்லை.

‘மம்மி என்று கூப்பிடாதே, மம்மி என்றால் பிணம்’ என்ற மேடை நகைச்சுவையையும் போகிற போக்கில் தட்டிவிட்டுப் போகலாம். எகிப்துப் பிணத்தின் பெயர், மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து அரபு வழியாக வந்தது. பிள்ளை கூப்பிடுகிற மம்மி தொட்டிலில் பிறந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிப்பதற்கு அந்தப் பிள்ளை பொறுப்பல்ல. பசுவின் கன்றே ‘அம்மா’ என்றுதான் அழைக்கிறது என்பதும் இதே ரகம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒருநாள் போய் நின்று கேளுங்கள். காங்கேயம் காளையும் அதையேதான் கத்துகிறது. அது யாரைப் பெற்ற தாயென்று கூப்பிடுகிறது?

இனி, சொல்லின் உண்மையான கதைக்கு வருகிறேன். இடித்துத் தள்ளியது போதும். தமிழின் பழைய தாய்ச்சொற்களைத் தேடிப் போனால் முன்வரிசையில் நிற்பது அம்மா அல்ல. சங்கப் பாடல்களில் நிற்பவை அன்னை, யாய், ஞாய், தாய். இதில் யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவன், அவள் அல்லது அவர்களுடைய தாய். தந்தைக்கும் இதே மாதிரி எந்தை, நுந்தை, தந்தை. யாருடைய தாய் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்திருந்தார்கள். குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பள்ளியில் படித்த எல்லோரும் இந்தச் சொற்களைக் கடந்துதான் வந்திருக்கிறோம். எத்தனை பேர் நின்று பார்த்தோம்? பின்னால் யாயும் ஞாயும் வழக்கொழிந்தன, ‘தாய்’ மட்டும் தங்கி, யாருடைய என்ற பொருளை இழந்து பொதுச் சொல்லானது. இன்றைக்கு ‘என் தாய்’ என்று நாம் சொல்வது பழைய கணக்கில் ‘என் அவர்களுடைய அம்மா’ என்று சொல்வதற்குச் சமம். சங்கப் புலவர் கேட்டால் சிரிப்பார்.

‘அம்ம’ என்ற வடிவம் பழைய பாடல்களில் நிறைய வருகிறது. ஆனால் தாய் என்ற பொருளில் அல்ல, ‘இதைக் கேள்’ என்று எதிரில் இருப்பவரின் காதைத் திருப்புகிற இடைச்சொல்லாக. தொல்காப்பியமும் அதற்கு அந்த வேலையைத்தான் சொல்கிறது. தாயைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகச் செந்தமிழ் வைத்திருந்த வடிவம் ‘அம்மை’. காரைக்கால் அம்மையார் பெயரில் இன்றும் இருக்கிறது. அப்படியானால் நம் வாயில் இருக்கிற ‘மா’ எங்கிருந்து வந்தது?

கூப்பிட்டதால் வந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விளிமரபில் இதற்கு விதியே இருக்கிறது. ஐகாரத்தில் முடிகிற பெயர்கள் விளிக்கும்போது ‘ஆய்’ என்று ஆகும், அன்னை அன்னாய் ஆவது போல. சற்றுப் பின்னால், இப்படி முடிகிற உறவுமுறைப் பெயர்களில் சில ஆகாரமாகவும் முடியும் என்று தொல்காப்பியர் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறார். அன்னை அன்னா ஆகும், அத்தை அத்தா ஆகும். அதே வாய்ப்பாட்டில் அம்மையை வைத்தால் அம்மா. அக்கை அக்கா ஆனதும் இப்படித்தான். அப்பன் அப்பா ஆனதும், அண்ணன் அண்ணா ஆனதும் இதற்குப் பக்கத்து வீட்டுக் கதை. கூப்பிடுகிற வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர் வடிவத்தைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ‘அம்மா வந்தாள்’ என்கிறபோது, இலக்கணப்படி ஒரு விளியை எழுவாயாக நிறுத்துகிறோம்.

ஆக, ஸ்டிக்கர்காரர்கள் உயிர்மெய் என்று மாலை போடுகிற அந்த ‘மா’, உண்மையில் வாசலிலிருந்து அடுப்படிக்குக் கேட்கும்படி நீட்டிக் கூப்பிட்ட குரல். ஈராயிரம் ஆண்டாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டே உருவான வடிவம் இது. இதைவிட்டுவிட்டு, யாரோ புலவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து எழுத்தெண்ணிச் செய்ததாகச் சொன்னால் சொல்லுக்குப் பெருமை கூடுகிறதா, குறைகிறதா?

உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவான அந்த ‘ம்மா’வை வைத்துக்கொண்டு தமிழ் கட்டிய கட்டடம் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. பெரியப்பாவின் மனைவியும் பெரியம்மா. அப்பாவின் அக்கா மட்டும் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அம்மா ஆகமாட்டாள். அவள் அத்தை, அவள் மகனோ மகளோ கட்டிக்கிற முறை. யார் அம்மா வரிசை, யார் அத்தை வரிசை என்ற பாகுபாட்டிலேயே யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் உலக உறவுமுறைகளைத் தொகுத்த பெரிய நூலில் தமிழ் முறையைப் பார்த்து அசந்துபோய், அமெரிக்கச் செனெகா பழங்குடியின் முறையோடு வைத்து ஒப்பிட்டார். லூயி துய்மோன் 1953-ல் இது திருமண உறவின் மொழி என்று விளக்கினார். தாமஸ் டிரவுட்மன் 1981-ல் ‘திராவிட உறவுமுறை’ என்றே முழு நூல் எழுதினார். வெளிநாட்டு அறிஞர்களை இழுத்துப் பிடித்து உட்கார வைத்தது இந்த அமைப்புதான். எழுத்துப் புதிரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

கொங்குப் பக்கம் வந்தால் இந்தத் தச்சு வேலை இன்னும் நுணுக்கம். அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்பிச்சி. அம்மாவின் அம்மா அமுச்சி, சில வீடுகளில் அம்மாயி. அப்பாவின் அம்மா ஆத்தா. அம்மாயி என்ற சொல்லைப் பிரித்தால் அம்மாவின் ஆயி. மதுரை, சிவகங்கைப் பக்கத்து அப்பத்தா என்றால் அப்பனின் ஆத்தா. சின்னச் சின்ன மழலைத் துண்டுகளை இணைத்து, இரண்டு தலைமுறைத் தூரத்தையும் எந்தப் பக்கம் என்ற தகவலையும் ஒரே மூச்சில் சொல்கிற சொற்கள் இவை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு வரி வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் ‘பாட்டி’, ‘தாத்தா’ என்று இரண்டு சொல்லில் சுருட்டி வைத்துவிட்டு, அம்மாவின் எழுத்தெண்ணிப் பெருமைப்படுகிறோம். மண்ணரையில் இன்றைக்கு அப்பிச்சி என்று கூப்பிடுகிற பேரன் எத்தனை பேர் மிச்சம் என்று அந்த வீட்டு அப்பிச்சிகளையே கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு மூவகை எழுத்தை நினைவில் நிறுத்த ‘அம்மா’ நல்ல உதாரணம்தானே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். தாராளமாக. ஒன்றாம் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுப்பதில் குற்றமே இல்லை. உதாரணம் எப்போது வரலாறாக மாறுகிறதோ அப்போதுதான் தகராறு. ‘வேறு எந்த மொழிக்கும் இல்லை’ என்ற வால் சேரும்போது தகராறு இன்னும் பெரிதாகிறது. ஏனென்றால் திருப்பூர்ப் பக்கத்து வகுப்பறை இப்போது பழைய வகுப்பறை அல்ல. பவர் டேபிளிலும் அயர்னிங்கிலும் வேலை செய்கிற ஒடியா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். லைன் வீட்டில், குழாயடியில் குடத்தோடு நிற்கிற அம்மாவை ஒரு பிள்ளை ‘போவு’ என்று கூப்பிடுகிறது, அது ஒடியா. இன்னொன்று ‘மாயி’ என்கிறது; அது போஜ்புரி. அதே பிள்ளைகள் பக்கத்து வீட்டு அக்காவை நம்மைப் போலவே ‘யக்கா’ என்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் மொழியில் அம்மாவுக்குச் சரியான சொல் இல்லை என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை?

அந்த வகுப்புக்கு நான் சொல்லும் பாடம் வேறு. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அம்மாவின் அம்மாவை வீட்டில் என்னவென்று கூப்பிடுகிறாய் என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பிள்ளை அமுச்சி என்று எழுதும். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகள் அம்மாச்சி என்றும் அம்மாயி என்றும் எழுதும். திருநெல்வேலிப் பிள்ளை ஆச்சி என்னும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை அவ்வா என்னும், பீகார்ப் பிள்ளை நானி என்னும். ஒடியாப் பிள்ளை ‘ஆயீ’ என்று எழுதும். அம்மாவின் அம்மாவுக்கு அங்கே அதுதான் சொல். மராத்தியில் அதே ‘ஆயீ’ அம்மாவுக்கே ஆகிவிடும். நம் ‘ஆயி’ போலவே இருக்கிறதே என்று யாராவது துள்ளிக் குதிப்பதற்குள், தமிழிலிருந்துதான் ஒடிசாவுக்குப் போனது என்று இன்னொரு ஸ்டிக்கர் அச்சாவதற்குள், கரும்பலகையில் ‘மாமா’ என்று எழுதிப் பக்கத்தில் ‘ஜார்ஜியாவில் அப்பா’ என்று போட்டுவிடுங்கள்.